அரிதாரம்: முகப்பூச்சா, பாஷாணமா?

கேள்வி: ஐயா, என் தாத்தா செய்யாறு பக்கத்தில் தெருக்கூத்து ஆடியவர். திரௌபதி வேஷத்துக்குப் பெயர் பெற்றவர். 81 வயது வரை இருந்தார். பழைய வீட்டை இடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அவருடைய தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே கூத்தில் அணியும் மர நகைகளான கட்டைச் சாமான்கள், ஒரு கணக்கு நோட்டு, துணியில் முடிந்த ஒரு மஞ்சள் கல். கல் ஏடு ஏடாக இருக்கிறது, பொன் போல மின்னுகிறது, அளவுக்கு மீறிக் கனக்கிறது. நாட்டு மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "அரிதாரம் அம்மா, பாஷாணம், வீட்டில் வைக்காதீர்கள்" என்றார். நான் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அரிதாரம் என்றால் ஒப்பனை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நோட்டிலும் ஓரிடத்தில் "அரிதாரம் 2 பலம்" என்றும், வேறோர் இடத்தில் "அரிதாரம் கலைத்துப் படுக்க விடிந்துவிட்டது" என்றும் தாத்தா எழுதியிருக்கிறார். பாஷாணத்தையா முகத்தில் பூசிக்கொண்டார்கள்? "அரிய தாரம்" என்பதே அரிதாரம் ஆயிற்று என்கிறார் என் சக ஆசிரியர், அது சரியா? தாத்தாவின் உள்ளங்கைகளில் தடிப்பும் புள்ளிகளும் இருந்தன; இந்தக் கல்தான் காரணமா? ஆண்டு விழாவில் எங்கள் மாணவிகள் கூத்து ஆடுகிறார்கள். தாத்தாவின் கல்லையே இழைத்து அவர்களுக்குப் பூசலாம் என்று ஓர் ஆசை. செய்யலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். செய்யக் கூடாது. கல்லை இழைக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், நெருப்பில் காட்டிச் சோதிக்கவும் வேண்டாம். இந்தப் பத்தியைப் படித்ததும் மற்றதை அப்படியே வைத்துவிட்டுப் போய், கையுறை போட்டுக்கொண்டு, கல்லைத் துணியோடு சேர்த்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சமையலறை வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு வந்து மீதியைப் படிக்கலாம். சொல்லாராய்ச்சிக்கு அவசரம் இல்லை.

கல்லை நான் பார்க்கவில்லை. ஆனால் அருங்காட்சியகப் பொருள்களின் வண்ணங்களைச் சோதிப்பதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், ஏடு ஏடாகப் பிரியும் அமைப்பு, பொன் மினுக்கு, பருமனுக்கு மீறிய கனம் என்று நீங்கள் எழுதிய மூன்று அடையாளங்களும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன என்பேன். மஞ்சளாகக் கிடைக்கும் கற்கள் வேறும் உண்டு. கந்தகம் மஞ்சள்தான், ஆனால் அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்குதான், ஏடாகவும் பிரியாது. மஞ்சள் காவி மண் போல மங்கிக் கிடக்கும், மின்னாது. அரிதாரமோ நீரைப்போல் மூன்றரை மடங்கு அடர்த்தி உள்ளது; நகம் பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. (அதற்காக நகத்தால் கீறிப் பார்த்துவிடாதீர்கள்.) நாட்டு மருந்துக் கடைக்காரர் சொன்னது சரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் கல்லின் பெயரையும் குணத்தையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

வேதியியலில் இது ஆர்சனிக் சல்பைடு. இரண்டு ஆர்சனிக் அணுவுக்கு மூன்று கந்தக அணு. எடைக் கணக்கில் நூற்றுக்கு 61 பங்கு ஆர்சனிக். உங்கள் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் நடத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள், கூழ்மங்கள் பாடத்தில் ஆர்சனிக் சல்பைடு கரைசலைப் பற்றி ஆண்டுதோறும் நடத்தியிருப்பார். மஞ்சள் நிறக் கூழ்மம், எதிர்மின் சுமை கொண்டது, உப்பைச் சேர்த்தால் திரிந்து படியும் என்று மாணவர்களும் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். தமிழ் வகுப்பில் அரிதாரம் என்ற சொல்லையும் அதே பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே பொருள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. கல்லூரியை விட்டு வெளியே வந்து ஒரு பழைய சுவடியின் மஞ்சளைச் சோதித்தபோதுதான் தெரிந்தது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

"அரிய தாரம்" என்று சொன்ன உங்கள் நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காதில் புறநானூறு ஒலித்திருக்கிறது. "மலைத் தாரமும் கடல் தாரமும்" என்று 343ஆம் பாட்டில் வருகிறதே, அங்கே தாரம் என்றால் மனைவி இல்லை, மலையிலும் கடலிலும் கிடைக்கும் அரும்பண்டம். அரிதாரமும் மலைப்பண்டம்தான், அரிய பண்டம்தான். பொருள் இவ்வளவு அழகாகப் பொருந்தும்போதுதான் நான் சந்தேகப்படத் தொடங்குவேன். ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்தில் ஏராளமான உடன்பிறப்புகள் இருக்கின்றன, அவை எல்லாம் வேறு கதை சொல்கின்றன. வடமொழியில் ஹரிதாலம். ஹரி என்பதற்கு மஞ்சள் அல்லது பசுமஞ்சள் நிறம் என்று ஒரு பொருள். இந்தியில் ஹர்தால், கன்னடத்தில் அரதாளம், மலையாளத்தில் நம்மைப் போலவே அரிதாரம். தாய்லாந்துக்காரர்கள் ஹோரதான் என்கிறார்கள். கறுப்புத் தாளில் மஞ்சள் எழுத்தாக எழுதிய அவர்களுடைய பழைய மடிப்புச் சுவடிகளில் இருப்பது இந்த மஞ்சள்தான். இவர்கள் எல்லோரும் புறநானூற்றிலிருந்து கடன் வாங்கியிருக்க மாட்டார்கள். ஹரி தமிழில் அரி ஆவது வழக்கமான மாற்றம். தாலம் தாரம் ஆனதற்கு, பந்தல் பந்தர் ஆவதையும் சாம்பல் சாம்பர் ஆவதையும் நீங்களே கடைப்போலி என்று நடத்தியிருப்பீர்கள். லகரமும் ரகரமும் நம் வாயில் இடம் மாறிக்கொள்பவை. அந்தச் சொல்லின் பின்பாதி தனியாகவும் தமிழுக்கு வந்து தாளகம் என்று நின்றது. சித்த மருத்துவர்கள் பெரும்பாலும் தாளகம் என்பார்கள், கூத்துக்காரர்கள் அரிதாரம் என்பார்கள். ஒரே கல்லுக்கு மருந்துப் பெட்டியில் ஒரு பெயர், வேஷப் பெட்டியில் ஒரு பெயர்.

இந்தியில் உள்ள ஒரு வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றை அடியோடு இல்லாமல் ஆக்குவதை "ஹர்தால் பூசுவது" என்று சொல்வார்கள். கடையடைப்பு ஹர்த்தாலுக்கும் இதற்கும் உறவில்லை, அது கடைப் பூட்டிலிருந்து வந்த வேறு சொல். இது சுவடி எழுதியவர்களின் பேச்சு. வட இந்தியாவில் காகிதச் சுவடிகளில் பிழையாக எழுதிவிட்டால், அந்த இடத்தில் அரிதாரக் குழம்பைத் தடவி மறைத்து, காய்ந்ததும் மேலே திருத்தி எழுதினார்கள். காகிதமே மஞ்சள் சாயல் கொண்டது என்பதால் திருத்தம் தெரியாது. அரிதாரம் பட்ட தாளைப் பூச்சி அரிப்பதில்லை என்பது உபரி லாபம். பூச்சி ஏன் அரிப்பதில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

பாஷாணம் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம், கடைக்காரர் அதைச் சொன்னபோது நீங்கள் திடுக்கிட்டிருக்கிறீர்கள். வடமொழியில் பாஷாணம் என்றால் வெறும் கல். மலைக்கல், அம்மிக்கல் எதுவும் பாஷாணம்தான். தமிழில் அது நஞ்சு ஆகிவிட்டது. காரணம் மருத்துவர்கள். கல்லாகக் கிடைக்கும் கடுமையான சரக்குகளை அவர்கள் பாஷாணம் என்று தனி இனமாக வகுத்தார்கள்; இயற்கையில் கிடைப்பவை பிறவிப் பாஷாணம் 32, மனிதர் வைத்து எடுப்பவை வைப்புப் பாஷாணம் 32, ஆக 64 என்பது சித்த மருத்துவக் கணக்கு. மருந்துக் கடையிலிருந்து சொல் தெருவுக்கு வந்தபோது கல் உதிர்ந்துபோய் நஞ்சு மட்டும் நின்றது. எலிப் பாஷாணம் என்று சொல்கிற எவரும் கல்லை நினைப்பதில்லை. தனியாகப் பாஷாணம் என்று சொன்னாலே பெரும்பாலும் வெள்ளைப் பாஷாணத்தைக் குறிக்கும். அதுவும் ஆர்சனிக்தான், கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜனோடு சேர்ந்தது. அதை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

நாட்டு மருந்துச் சரக்குகளின் பெயர்களில் இப்படிப் பட்ட வில்லங்கம் நிறைய. வீரம் என்று ஒரு சரக்கு இருக்கிறது. பாதரசமும் குளோரினும் சேர்ந்த கொடிய நஞ்சு. பூரம் இன்னொன்று, அதுவும் பாதரச உப்பு. லிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல். ஏட்டுப் பிரதி ஒன்றில் "வீரம் சேர்த்து" என்ற தொடரை, துணிவோடு செய்க என்று பொருள் எழுதிவைத்திருந்த ஒரு குறிப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரிப்புக்குப் பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அரிதாரத்துக்கு நேர்ந்தது பாஷாணத்துக்கு நேர் எதிர். அங்கே கல் போய் நஞ்சு நின்றது. இங்கே கல்லும் போய் நஞ்சும் போய் முகம் மட்டும் நின்றது.

எப்படி என்று விளங்கிக்கொள்ள, மை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மை என்றாலே கறுப்பு. ஆனால் சிவப்பு மை என்று கூசாமல் சொல்கிறோம். எண்ணெய் என்பது எள்ளின் நெய். தேங்காயெண்ணெய் மட்டுமா, மண்ணெண்ணெய் வரை அதைக் கொண்டுபோய்விட்டோம். அதுபோல, கூத்துக்காரர் பெட்டியில் இருந்த வண்ணங்களில் ஒன்றுதான் அரிதாரம். வெள்ளைக்கு முத்துவெள்ளை, சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு மை. மஞ்சள்தான் விலை கூடியது, தீவட்டி வெளிச்சத்தில் முகத்தை எடுத்துக் காட்டியதும் அதுவே. அதன் பெயர் மற்ற வண்ணங்களையும் விழுங்கிவிட்டது. ஆகுபெயர் என்று வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம். சினையாகுபெயரா வேறொன்றா என்று உங்கள் தலைமையாசிரியர் வாதத்துக்கு வந்தால் நான் நடுவே வரமாட்டேன்.

பக்கத்தில் கேரளத்தில் இந்த மாற்றம் பாதியில் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். கதகளி அணியறையில் முகத்துக்குப் பூசும் மஞ்சளுக்கு மனயோலா என்று பெயர். அதுவும் ஆர்சனிக் சல்பைடு வகைக் கல்தான். நம் சித்த மருத்துவத்து மனோசிலையின் பெயரும் அதன் பெயரும் உறவு. மனோசிலை என்பது அரிதாரத்தின் சிவந்த உடன்பிறப்பு. தேங்காயெண்ணெய் விட்டுக் கல்லில் அந்த மஞ்சளை நெடுநேரம் அரைப்பார்கள். பச்சை வேஷத்தின் அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? மனயோலாவும் நீலமும் கலந்துதான். பெண் வேஷமான மினுக்குக்கும் மஞ்சள் கலந்த பூச்சே அடிப்படை. ஆனால் மலையாளத்தில் மனயோலா இன்னும் அந்த ஒரு மஞ்சளின் பெயராகவே இருக்கிறது. தமிழில் அரிதாரம் அதைத் தாண்டிப் போய்விட்டது. நடிகர் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அரிதாரம் பூசுகிறார் என்று சினிமாச் செய்தியில் படிக்கிறோம். அவர் முகத்தில் மஞ்சள் கல் எதுவும் இல்லை. அரசியல் மேடையில் ஒருவருடைய அரிதாரம் கலைந்துவிட்டது என்றால், அங்கே பூச்சே இல்லை.

மேற்கே போன பெயரின் விதி இன்னும் வேடிக்கை. பாரசீகத்தில் இந்தக் கல்லை, பொன் என்ற சொல்லை அடியாகக் கொண்டு ஜர்னிக் என்று அழைத்தார்கள். அது கிரேக்கரிடம் போய் அர்செனிகோன் ஆயிற்று. அப்போதும் மஞ்சள் கல்லின் பெயர்தான். பிறகு அந்தக் கல்லிலிருந்து எடுத்த வெள்ளை நஞ்சுக்கு அந்தப் பெயர் போயிற்று, கடைசியில் தனிமத்துக்கே ஆர்சனிக் என்று பெயராயிற்று. ஐரோப்பாவில் அரிதாரத்தின் பெயரைச் சொன்னால் நஞ்சு நினைவுக்கு வருகிறது; நம் ஊரில் சொன்னால் மேடை நினைவுக்கு வருகிறது. மஞ்சள் கல் ஒன்றே. நமக்கு வந்த பாதைதான் ஆபத்தானது என்று நான் சொல்வேன், ஏனென்றால் உங்களைப் போன்ற ஒரு தமிழாசிரியைக்கே அதை இழைத்துப் பிள்ளைகள் முகத்தில் பூசலாம் என்று தோன்றியிருக்கிறது.

அப்படியானால் தாத்தா 81 வயது வரை எப்படி இருந்தார்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் உறவினர் யாராவது கட்டாயம் கேட்பார். அரிதாரம் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லும் அளவுக்குக் கரைவு குறைந்தது. எண்ணெயில் குழைத்துத் தோலின் மேல் பூசினால் உள்ளே போவது சொற்பம். ஆண்டு முழுவதும் கூத்து இல்லை. பாரதம் வைக்கும் மாதங்களில்தான் இரவுகள் தொடர்ந்து வரும். விடிந்ததும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார்கள். இவை எல்லாம் அவர் பக்கம் இருந்தவை. எதிர்ப்பக்கமும் உண்டு. வாயைத் திறந்து இரவெல்லாம் பாடுகிறவரின் உதட்டில் பூசியது வயிற்றுக்குப் போகாமல் இருக்காது. கல்லை இடித்துப் பொடிக்கும்போது தூசி மூக்கில் ஏறும். இன்னொன்று, அந்த வெள்ளைப் பாஷாணம். அரிதாரத்தின் மேல் வெளிச்சம் தொடர்ந்து பட்டால் அது மெல்ல மெல்ல வெள்ளைப் பாஷாணமாக மாறும். பழைய ஓவியங்களில் மஞ்சள் வெளுத்துப்போன இடங்களில் இதைப் பார்க்கிறோம். தீயில் போட்டால் மெல்ல அல்ல, உடனே. வெள்ளைப் புகையாகக் கிளம்பும். வெள்ளைப் பாஷாணம் அரிதாரத்தைப் போல அல்லாமல் நீரில் கரையும், உடம்பில் எளிதாக ஏறும். பல காலம் பெட்டியில் கிடந்த ஒரு கல்லின் மேல்தோலில் எவ்வளவு அரிதாரம், எவ்வளவு பாஷாணம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த நிபுணராலும் முடியாது.

தாத்தாவின் கைகளைப் பற்றி. ஆர்சனிக் பல ஆண்டுகள் சிறிது சிறிதாக உடம்பில் சேர்ந்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்ப்பு போலச் சிறு முடிச்சுகள் வரும், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போலக் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் வரும். வங்கத்தில் குழாய்க் கிணற்று நீரால் பெருந்திரளான மக்களுக்கு இப்படி ஆயிற்று. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஆனால் ஏர் பிடித்த கையும் காய்த்துப்போகும். முதுமையில் புள்ளி வராத தோலும் இல்லை. இறந்துபோன ஒருவரின் கையை உங்கள் நினைவிலிருந்து படித்து நோய் சொல்வது நேர்மையாகாது, சொல்ல மாட்டேன். அவரோடு சேர்ந்து கல்லை அரைத்தவர்கள், ஆடியவர்கள் யாராவது இன்று உயிரோடு இருந்து, அவர்கள் கையிலும் பாதத்திலும் அப்படி இருந்தால், தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது பூசிய பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அரிதாரம் என்று மட்டும் சொன்னால் மருத்துவர் பவுடர் என்று நினைத்துக்கொள்வார். ஆர்சனிக் என்று சொல்லுங்கள்.

சித்த மருத்துவத்தில் இதை மருந்தாகவே கொடுக்கிறார்களே என்று ஒரு குரல் எழும். கொடுக்கிறார்கள், தாளகப் பற்பம் இருக்கிறது. அது சுத்தி செய்து, புடம் போட்டு, அளவோடு, பயின்ற மருத்துவர் கையால் வர வேண்டியது. இந்திய மருந்துச் சட்ட விதிகளிலேயே நச்சுச் சரக்குகளுக்கு ஈ(1) என்று தனி அட்டவணை உண்டு. அதில் உள்ளவை சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்று சிமிழின் மேலேயே அச்சிட வேண்டும். பரணில் கிடைத்த கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். சுண்ணாம்போடு குழைத்து முடி நீக்கப் பயன்படுத்துவது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. தோல் பதனிடுகிறவர்கள் தோலின் மயிரை உதிர்க்கச் செய்த அதே வேலைதான் அது. உங்கள் வீட்டில் அந்த ஞாபகம் உள்ள பாட்டி யாரேனும் இருந்தால் அவரிடமும் புட்டியைக் காட்ட வேண்டாம்.

புட்டியை என்ன செய்வது? குப்பையில் போடக் கூடாது, கிணற்றிலோ ஏரியிலோ எறியக் கூடாது, புதைக்கவும் கூடாது. எரிப்பதைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வழி கேளுங்கள். அருகில் வேதியியல் துறை உள்ள கல்லூரி இருந்தால் அவர்களிடம் முதலில் பேசுங்கள், மாதிரியாக வைத்துக்கொள்ளவும் கூடும். அதுவரை புட்டியின் மேல் சீட்டு ஒட்டிவையுங்கள்: "அரிதாரம். ஆர்சனிக் சல்பைடு. நஞ்சு." மூன்றும் வேண்டும். அரிதாரம் என்று மட்டும் எழுதி வைத்தால், பின்னால் அந்தப் புட்டியை எடுக்கும் உங்கள் பேரப்பிள்ளை பவுடர் டப்பா என்று நினைத்துக்கொள்ளும். யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், 108ஐ அழைத்து, சீட்டோடு புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆண்டு விழாவுக்கு, முகத்துக்கென்றே செய்து, உட்பொருள்கள் அச்சிட்டு விற்கும் தண்ணீர் வண்ணம் வாங்குங்கள். கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் செந்தூரம் வேண்டாம். அந்தப் பெயரில் ஈயமும் வரும், பாதரசமும் வரும். மேடையில் அறிவிக்கும்போது "மாணவிகள் அரிதாரம் பூசி ஆடுகிறார்கள்" என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்லுக்கு நஞ்சு இல்லை. பூசு, கலை என்ற இரண்டு வினைகளோடுதான் அது பொருந்தி நிற்கும். "அரிதாரம் அணிந்து" என்று அழைப்பிதழில் அச்சடித்துவிடாதீர்கள், அணிவது கட்டைச் சாமானைத்தான். ஒப்பனை என்பது உடை, நகை, தலைக்கோலம் வரை எல்லாவற்றையும் அடக்கும். அரிதாரம் முகத்தில் ஏறும் பூச்சு மட்டும். மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்தார்கள் என்போம். மணப்பெண்ணுக்கு அரிதாரம் பூசினார்கள் என்றால் சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்வார்கள், வேஷம் என்ற சாயல் அந்தச் சொல்லை விட்டுப் போவதே இல்லை. அகராதியில் இரண்டு பொருளையும் எண்ணிட்டுப் போட வேண்டும், கல்லை முதலாவதாக. ஒன்றை விட்டுவிடுகிற அகராதி உங்கள் மாணவிகளின் முகத்துக்கு நல்லதல்ல.

இனி என் சொந்த ஆசைக்கு வருகிறேன். அந்த நோட்டு. "அரிதாரம் 2 பலம்" என்று எழுதிய கை கல்லை எழுதியது. நிறுத்து வாங்கியது கல். "அரிதாரம் கலைத்துப் படுக்க" என்று எழுதிய கை பூச்சை எழுதியது, அதில் மஞ்சளோடு வெள்ளையும் சிவப்பும் கறுப்பும் சேர்ந்திருந்தன. ஒரே ஆள், ஒரே நோட்டு, சொல் இரண்டு பொருளிலும் உயிரோடு இருக்கிறது. தன் கையில் இருப்பது நஞ்சு என்றும் அவருக்குத் தெரிந்திருக்கும்; துணியில் முடிந்து தனியாக வைத்தவர் தெரியாமல் வைத்திருக்க மாட்டார். இப்படிப்பட்ட சான்றுக்காக அகராதி வேலை செய்கிறவர்கள் தவம் கிடப்பார்கள். அந்த இரண்டு பக்கங்களையும், பக்கத்தில் தேதி இருந்தால் அதையும் சேர்த்து, படம் எடுத்து அனுப்புங்கள்.

ஒரு நிபந்தனை. நோட்டும் அந்தக் கல்லோடு ஒரே பெட்டியில் கிடந்தது. ஈரத் துணியால் அட்டையை ஒற்றித் துடைத்துவிட்டு, துணியைத் தனிப் பையில் கட்டிப் புட்டியோடு வையுங்கள். பெட்டியையும் கட்டைச் சாமான்களையும் அப்படியே துடையுங்கள், தட்டித் தூசி கிளப்பாதீர்கள். கையுறையோடு பக்கம் திருப்புங்கள். விடைத்தாள் திருத்துகிற பழக்கத்தில் விரலை எச்சில் தொட்டுப் புரட்டிவிடாதீர்கள்.